பேபி டிரைவிங் ஸ்கூலில் ஓர் அமெரிக்க நாவல்

பேபிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டோரம் "பேபி டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டிய புதிதில், ஒரு தாய் தன் குழந்தைக்கு எல்.கே.ஜி. சீட் கேட்டு வந்து நின்றாள். "எல்.கே.ஜி. இல்லீங்க, எல் போர்டுதான் இருக்கு" என்று சொல்லி, அந்தத் தாயையே காரில் ஏற்றி உட்கார வைத்துவிட்டாள் பேபி. அவ்வளவு சாமர்த்தியம்.

ஸ்கூல் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, வெளியே ஒரு பழைய வெள்ளைக் கார். அவ்வளவுதான் கல்வி நிலையம். மழை வந்தால் மேஜை ஜெராக்ஸ் கடைக்குள் போய்விடும், பேபி காருக்குள் போய்விடுவாள். காரில் அவள் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் உயிருக்கும் உத்தரவாதம் வேண்டுமல்லவா?

பேபியிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்தாங்கொள்ளிகள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் விடமாட்டார்கள். எதிரே தண்ணீர் லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆரம்ப காலத்தில் பேங்க்கில் வேலை பார்க்கும் தீபா என்ற பெண் வந்தாள். முதல் கியரிலேயே அழுதாள். என்ன செய்வது என்று தெரியாமல், முந்தின நாள் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்த ஒரு துப்பறியும் கதையை பேபி சொல்ல ஆரம்பித்தாள். "பொணம் எங்க கெடந்துச்சு தெரியுமா?" என்று கேட்டபோது தீபாவின் கை தளர்ந்தது. "கொன்னது யாரு?" என்று தீபா கேட்டபோது வண்டி மூன்றாவது கியரில் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பேபிக்குத் தொழில் ரகசியம் பிடிபட்டது அன்றைக்குத்தான். காதைக் கதைக்குக் கொடுத்துவிட்டவள் கையை இறுக்கிக்கொள்ள மாட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மாணவிக்கும் ஒவ்வொரு நாவல். அவரவர் குணம் பார்த்துக் கொடுப்பது. மாமியார் கொடுமையில் இருப்பவளுக்குப் பேய்க் கதை. ஐ.டி. கம்பெனிக்காரிகளுக்குக் குடும்பக் கதை. லைசென்ஸ் வாங்கிய பிறகும் கதை முடியவில்லை என்பதற்காகவே வகுப்பை நீட்டித்த பெண்கள் உண்டு.

இவ்வளவு நாவல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், அது ஒரு சின்ன வரலாறு. பேபியின் ஊர் படப்பையைத் தாண்டி, ஒரகடம் போகிற வழியில் உள்ளே திரும்ப வேண்டும். அப்பா ஏசுபாதம் செங்கல் லாரி ஓட்டியவர். பிளஸ் டூ முடித்தவுடன் பேபி மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். வைப்பர் மோட்டாரைத் துடைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர ஒரு யுகம் ஆகும். அந்த யுகத்தைத் தின்ன அவளுக்குக் கிடைத்தது புத்தகம். தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாள். ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுபவர் வராத ஒரு நாள், "நான் ஓட்டுறேன் சார்" என்று ஏறி உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அங்கே ஆரம்பித்ததுதான் இந்த ஸ்டீயரிங் வாழ்க்கை. கல்யாணமானதும், கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் கணவர் சாலமனும் அவளும் சேர்ந்து பழைய கார் ஒன்றை வாங்கினார்கள்.

அந்த பி.ஏ. பாடத்திட்டத்தில் ஓர் அமெரிக்க நாவல் இருந்தது. சின்னப் பெண் ஒருத்தி வளர்ந்து பெரியவளாகும் கதை. எல்லோரும் கொண்டாடும் பழைய நாவல் என்று முன்னுரையில் போட்டிருந்தது. பேபி அதைப் படிக்கவில்லை. கைடு படித்தாள். "இந்நாவல் நிறவெறியைச் சாடுகிறது" என்று கைடு ஐந்து குறிப்புகள் தந்திருந்தது. ஐந்தையும் அப்படியே எழுதி, கரணம் தப்பினால் மரணம் என்ற மார்க்கில் பாஸானாள். பல வருடம் கழித்து, வீடு மாற்றும்போது பரணிலிருந்து அந்த நாவல் தலையில் விழுந்தது. என்னதான் சாடியிருக்கிறது பார்ப்போம் என்று பிரித்தவள், சோறு பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியாமல் படித்தாள். கைடு எழுதியவன் அந்த நாவலைப் படித்திருக்கவே மாட்டான் என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம். ஆனாலும் அந்தக் கதையை மட்டும் அவள் காரில் யாருக்கும் சொன்னதில்லை. ஹேமாவதி வரும் வரை.

ஹேமாவதி முடிச்சூரைத் தாண்டி இருக்கும் பழைய கிராமத்துக்காரி. ஐம்பது வயது தாண்டியவள். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகி, மிச்சத்தில் மெயின் ரோட்டைப் பார்த்து ஒரு வரிசைக் கடைகள் நிற்கின்றன. வாடகை வருகிறது. வாசலில் கார் நிற்கிறது. கணவர் சிட்டிபாபுவுக்கு முட்டிவலி. காரை ஓட்ட முடியாது, விற்கவும் மனம் வராது.

"நான் ஓட்டக் கத்துக்கினு வரேன்னு சொன்னேன். கிரைண்டர ஒழுங்கா ஓட்டு மொதல்லன்றாரு அந்த மனுசன்" என்று ஹேமாவதி முதல் நாளே முறையிட்டாள். "அவரு மூஞ்சியில கரியப் பூசணும். அதுக்கு நீங்கதான் மேடம் எனக்குக் கத்துக் குடுக்கணும்."

"பூசிடலாம்க்கா. கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்றாள் பேபி.

இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. ஹேமாவதி வாய் ஓயாதவள், மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். டப்பாவில் வடை கொண்டுவருவாள். ஸ்டீயரிங்கை மட்டும் உடும்பு பிடித்தமாதிரி பிடித்தாள். கதை போடாமல் தீராது என்று தெரிந்தது.

"இன்னா கதை வேணும்க்கா?"

"பொம்பளப் புள்ள கதையா சொல்லுங்க. லவ்வு கிவ்வு வேணாம். அந்த எழவ சீரியல்ல பாத்துக்கினுதானே கீறேன்."

லவ் இல்லாத பெண்பிள்ளைக் கதை என்றதும் பேபியின் வாயில் அந்த அமெரிக்க நாவல் தானாக வந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அமெரிக்காவுல ஆத்தங்கரையோரம் ஒரு சின்ன ஊருக்கா. அதுல நெல்லின்னு ஒரு பொண்ணு. பன்னெண்டு வயசு. வெள்ளக்காரப் பொண்ணு. அம்மா இல்ல. அத்தைதான் வளக்குறாங்க. தங்கமான அத்தை."

"நெல்லியா? நம்மூருப் பேராட்டம் கீதே."

"அதனாலதான் எனக்கும் புடிச்சுது. நெல்லிக்கு ஒரே ஒரு சிநேகிதி. ரூத்து. கறுப்பினப் பொண்ணு. ரூத்தோட அம்மா நெல்லி வூட்டுல துணி வெளுக்குறாங்க. ரெண்டு பொண்ணுங்களுக்கும் அத்தை ஒரே துணியில கவுன் தெச்சுக் குடுத்துருக்காங்க. சிக்னல் போடுங்க, ரைட்டுல திரும்புறோம்."

ஹேமாவதி சிக்னல் போட்டாள். வைப்பர் ஓடியது. மழையில்லாத கண்ணாடியை வைப்பர் துடைக்க, கதை நகர்ந்தது. நெல்லியும் ரூத்தும் ஆற்றங்கரையில் மீன் பிடிப்பது, மரத்தின் மேல் ஏறிப் பள்ளிக்கூடம் விளையாடுவது, நெல்லி போகும் நிஜப் பள்ளிக்கூடத்துக்கு ரூத் போக முடியாதது, அதை நெல்லி ஒரு விசித்திரமாகக்கூட நினைக்காதது, எல்லாம் வந்தது. ஹேமாவதிக்கு இரண்டு பெண்களும் சொந்தப் பிள்ளைகளாகிவிட்டார்கள். "ரூத்து சாப்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறுவாள். வெள்ளைக்காரர்களைத் திட்டுவாள். "நல்ல கதி வருமா அவனுங்களுக்கு? தோல்ல இன்னா கீது? அறுத்தா எல்லாருக்கும் செவப்புதானே?"

ஒரு நாள் கேட்டாள். "அந்த ரூத்து வூடு எந்தப் பக்கம்? நெல்லி வூட்டாண்டயா?"

"இல்லக்கா. அது அந்தப் பக்கம். ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட. அவங்கள்லாம் தனியா ஒரு எடத்துல..."

"ஓ, நம்ம காலனியாட்டம்" என்றாள் ஹேமாவதி, வெகு சாதாரணமாக.

வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தையில் வாழ்த்திவிட்டுப் போனான்.

"ஐயோ, நான் இன்னா தப்பு பண்ணேன் மேடம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. நாய் ஒண்ணு குறுக்க ஓடுச்சு" என்றாள் பேபி. நாயும் இல்லை பேயும் இல்லை. அவளுடைய கால்தான் அவளைக் கேட்காமல் அவள் பக்கத்து பிரேக்கை மிதித்திருந்தது.

விஷயம் இதுதான். தாம்பரத்தில் காலனி என்றால் வாடகை ஏறும். ரயில்வே காலனி, டீச்சர்ஸ் காலனி, இன்னும் என்னென்னவோ காலனி. தாம்பரத்தைத் தாண்டிக் கிராமத்துக்குள் நுழைந்தால் காலனி என்ற சொல்லுக்குக் குரல் இறங்கும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். பேபி பிறந்தது காலனியில். தாம்பரத்தில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டால் "படப்பை பக்கம்" என்பாள். "படப்பையில எங்க?" என்றால் "ஒரகடம் போற வழி" என்பாள். அதற்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு. "ஊருக்குள்ளயா?" அது வருவதற்குள் அவளுக்கு எப்படியாவது ஒரு ஸ்பீட் பிரேக்கர் அகப்பட்டுவிடும். பொய் சொன்னதில்லை. உண்மையையும் சொன்னதில்லை. அதில் அவளுக்குத் தன் மேலேயே கோபம் உண்டு. ஏசுபாதத்தின் மகள், லாரிக்காரர் மகள், எதற்குப் பயப்படுகிறோம் என்று கேட்டுக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில் பயப்படுவதற்குப் புதிதாக ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. ஹேமாவதியின் கடை வரிசையில் ஓரக் கடை காலியானது. மெயின் ரோட்டைப் பார்த்த கடை. முன்னால் நான்கு கார் நிறுத்த இடம்.

"மழைக்கு மேஜையத் தூக்கிக்கினு ஓடுறீங்களே, பாக்கவே பேஜாரா கீது. இங்க வந்துருங்க மேடம்" என்றாள் ஹேமாவதி. "அவருதான் யாரு, எந்த ஊருன்னு கேட்டுக்கினு கீறாரு. நான் சொல்லிக்கிறேன். நம்ம மனுசாதான்னு."

நம்ம மனுசா. பேபி அன்று மதியம் தனியாக அந்தக் கடை வாசலில் போய் நின்றாள். ஷட்டர் மேல் பலகை எவ்வளவு பெரிசாக மாட்டலாம் என்று மனசுக்குள் அளந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூரைக்கு ஆசைப்பட்டாள். ஆசை வந்தவுடன் பயமும் வந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

கதையோ நல்ல இடத்தில் வந்து நின்றிருந்தது. நாவலில் அடுத்தது நீச்சல் குளத்து அத்தியாயம். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைச் சொன்னால் பேச்சு காலனிப் பக்கம் திரும்பிவிடும்.

"அந்தக் கொளத்த வுட்டுடு. நேரா கிளைமாக்ஸுக்குப் போ" என்றார் சாலமன், தோசையைப் பிய்த்துக்கொண்டே. "கடை வந்தப்புறம் கொளத்துக்குப் போலாம்."

"கொளம் இல்லாம கிளைமாக்ஸ் ஏது?"

"எடிட்டிங் பண்ணும்மா. சினிமாவுல பண்றதில்ல?"

சரி, வெட்டிவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டுதான் பேபி மறுநாள் காரில் ஏறினாள். நெல்லிக்கு நேராகப் பதினெட்டு வயதாக்கி, பட்டணத்துக்கு ரயிலேற்றிவிட்டாள்.

"இருங்க இருங்க" என்றாள் ஹேமாவதி. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடி இப்போது இடையர் வீட்டு வெண்ணெய் மாதிரி இளகியிருந்தது. ஒரு கையால் வளைவு திரும்பினாள். "மேடம், ஊருக்கு நடுவுல நீச்சல் கொளம் கட்டுறாங்கன்னு சொன்னீங்களே. எல்லார்கிட்டயும் வரி வாங்கி. ரூத்து அம்மாகூடக் குடுத்தாங்களே. அது இன்னா ஆச்சு? அத்த அந்தரத்துல வுட்டுட்டு எங்க ரயிலேறுது அந்தப் பொண்ணு?"

நல்ல மாணவி கிடைப்பதிலும் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது. கதைக்குத் துரோகம் செய்ய பேபியால் முடியவில்லை. கடை போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. கடை போய்விடுமே என்று பயந்துகொண்டேதான் சொன்னாள்.

"கொளம் கட்டி முடிச்சாங்கக்கா. வெள்ளக்காரங்களுக்கு மட்டும்னு போர்டு போட்டுட்டாங்க. நல்ல வெயில் காலம். மத்தியானம் ஒருத்தரும் இல்ல. நெல்லி ரூத்தக் கூட்டிக்கினு போயி ரெண்டு பேரும் குதிச்சுட்டாங்க. அப்டி ஒரு ஆட்டம். நெல்லி வூட்டுக்கு வந்து சந்தோசமா அத்தைகிட்ட சொல்லுது. நானும் ரூத்தும் குளிச்சோம் அத்தைன்னு. அத்தை ஒண்ணுமே சொல்லல. தலைய தொவட்டி வுட்டாங்க. மறுநாளு பாத்தா, கொளத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மொத்தத்தையும் தொறந்து வுட்டுட்டாங்க. சுண்ணாம்பு போட்டுத் தேச்சுக் கழுவுறாங்க. எதுக்கு அத்தைன்னு கேட்டா, சுத்தம் பண்றாங்க கண்ணு, வருசா வருசம் பண்றதுதான்னு சொல்றாங்க. நெல்லியும் நம்பிடுச்சு. புதுத் தண்ணி வரப்போவுதுன்னு குதிக்குது. அப்ப வேலிக்கு அந்தாண்ட ரூத்து நிக்கிறதப் பாக்குது. தெரு வாய்க்கால்ல தண்ணி போவுது. ரூத்து அந்தத் தண்ணியையே பாத்துக்கினு நிக்கிது. அதுகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரூத்து மூஞ்சியப் பாத்துதான் நெல்லிக்குத் தெரியுது. அன்னைக்குத்தான் நெல்லி பெரிய பொண்ணாச்சுன்னு..."

வண்டி மெதுவாக ஓரங்கட்டி நின்றது. இந்த முறை பேபி பிரேக்கைத் தொடவில்லை. ஹேமாவதிதான் நிறுத்தினாள். கிளட்ச், பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக் என்று எல்லாம் வரிசையாகச் சரியாகச் செய்திருந்தாள்.

"எங்க கிணத்த தூர் வாருனாங்க" என்றாள் ஹேமாவதி.

"இன்னாக்கா?"

"நான் சின்னப் புள்ள. பத்து வயசுகூட இருக்காது. எங்க வயக்காட்டுல பெரிய கிணறு. பம்ப் செட்டு. காலனிப் பசங்க ரெண்டு மூணு பேரு அதுல குதிச்சு வெளாடிக்கினு இருந்தாங்க. நான் பாத்துட்டு, வூட்டுக்கு ஓடி அப்பாகிட்ட சொன்னேன். அந்தப் பசங்க குதிக்கிறாங்கப்பா, நானும் குதிக்கட்டான்னு கேட்டேன். மாட்டிவுடணும்னு சொல்லல பேபி மேடம். நானும் குதிக்கணும்னுதான் சொன்னேன். அன்னைக்கே மோட்டாரப் போட்டுட்டாங்க. தண்ணியெல்லாம் எறச்சு, கழனிக்குக்கூடப் பாச்சாம ஓடையில வுட்டாங்க. எதுக்குப்பான்னு கேட்டா, தூர் வார்றோம்மான்னாரு. அடியில கெளுத்தி மீனு துள்ளுச்சு. நாங்கள்லாம் அள்ளிக்கினு வந்தோம். இத்தினி வருசமா அது எனக்கு ஒரு திருவிழாவாட்டம் ஞாபகத்துல கீது. எம்பொண்ணுக்குக்கூடச் சொல்லிக் கீறேன், கிணறு தூர் வாருனப்போ மீன் புடிச்சத."

பேபி கையை நீட்டி இஞ்சினை அணைத்தாள்.

"அது கார்த்திகை மாசம் பேபி மேடம். கிணறு ரொம்பி வழியிற நேரம். கோடையில, தண்ணி அடியில போனப்புறம்தானே தூர் வார்வாங்க? நான் வெவசாயி மவ. கார்த்திகையில எவனாவது தூர் வார்வானா? ஒரு கூடை சேறு மேல வரல. ஐயர வச்சு மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. சேறு அள்றதுக்கு எதுக்கு மஞ்சத்தண்ணி? இத்தினி வயசாச்சு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இத நான் யோசிச்சதில்ல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே தூர் வாரிய கிணற்றிலிருந்து புறப்பட்டிருந்தது. ஹேமாவதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அந்தக் கிணறு இப்போது எங்கே இருக்கிறது என்று பேபி கேட்டாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"அத மூடித்தான் கடைங்க கட்டுனது. உங்களுக்குக் குடுக்கறேன்னு சொன்னேனே, அந்த ஓரக் கடை, அங்கதான் கிணத்து மேடு."

பேபிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முந்தும் என்று தெரியாததால் இரண்டையும் விழுங்கினாள்.

"அந்தப் பசங்க பேருகூட எனக்குத் தெரியாது" என்றாள் ஹேமாவதி. "ஓடையில தண்ணி போனத அவனுங்களும் பாத்துருப்பானுங்க இல்ல? அவனுங்க மனசு இன்னா பாடு பட்டிருக்கும்? எனக்கு எப்டித் தெரியும் அது? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்க்கா."

"கதையில படிச்சீங்க. அது வேற."

"கதையில இல்ல. நானும் காலனிதான்க்கா. எங்க ஊர்லயும் ஒரு கிணறு இருந்துச்சு."

சொல்லிவிட்டாள். இத்தனை வருடமும் ஸ்பீட் பிரேக்கர் தேடிய வாய் அது. ஹேமாவதி அவளைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். வண்டியை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் முடிச்சூர் ரோடு வரை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாடு குறுக்கே வந்தது, பஸ் உரசப் பார்த்தது, எதற்கும் அலறவில்லை. இறங்கும்போது வடை டப்பாவை எடுக்க மறந்துவிட்டாள். டப்பாவைப் பார்க்கப் பார்க்க பேபிக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்லவளாக ஏன் இருந்தாள், ஆரம்பத்திலேயே முகத்தைக் காட்டியிருந்தால் இந்த வலி இல்லையே என்று கோபப்பட்டாள்.

மறுநாள் ஹேமாவதி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போனும் இல்லை.

"வுடு, ஜெராக்ஸ் கடை இருக்கு" என்றார் சாலமன். அவருக்கும் வருத்தம்தான்.

வாரக் கடைசியில், பேபி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஷேர் ஆட்டோவிலிருந்து ஹேமாவதி இறங்கினாள். நேராகக் காருக்குப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பேபியும் போய் அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். பேபியின் மடியில் ஹேமாவதி ஒரு சாவியைப் போட்டாள்.

"கடைய பாக்க ஏன் வரல நீ? சாவிய வச்சிக்கினு நான் காத்துக்கினு கீறேன். அந்த மனுசன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீறாரு. கெடக்கட்டும். கடை எங்கப்பா எனக்கு எழுதி வச்சது, எம்பேர்ல கீது. நீ வா, போயிப் பாத்துட்டு வருவோம்."

பேபிக்கு சாவி கண்ணில் படவில்லை. காதில் அந்த "நீ" மட்டும் நின்றது. இதுவரை மேடம், நீங்க, வாங்க. இப்போது நீ, வா.

அவள் ஊரில் ஒரு நீ உண்டு. ஊர்த் தெருவின் சின்னப் பையன்கூட அவள் அப்பாவை அந்த நீயால்தான் கூப்பிடுவான். ஏசு, நீ வா, ஏசு, நீ போ. அப்பா அவனை "வாங்க தம்பி" என்பார். இன்னொரு நீயும் உண்டு. அக்கா தங்கைக்குள் சொல்லிக்கொள்வது, ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் சொல்லிக்கொள்வது. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவேதான் இருக்கும். இது எது என்று தெரியாமல் அந்தக் கடையில் அவளால் ஒரு நாள் உட்கார முடியாது. பலகையும் வேண்டாம், ஷட்டரும் வேண்டாம். கேட்டுவிட்டாள்.

"அக்கா, இது எந்த நீ?"

"இன்னாது?"

"அன்னைக்கு வரைக்கும் நீங்கன்னீங்க. காலனின்னு சொன்னப்புறம் நீ ஆயிட்டேன். இது பிரியத்துல வந்த நீயா, ஊர்க்காரங்க எங்கப்பாவக் கூப்புட்ட நீயா?"

ஹேமாவதிக்கு முகம் சிவந்தது. முதலில் கோபம்தான். "நான் சாவி கொண்டாந்து குடுக்குறேன், நீ..." என்று ஆரம்பித்தவள், அந்த நீயிலேயே நின்றுவிட்டாள். வெளியே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"தெரில பேபி" என்றாள். "வாயில வந்துச்சு. எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு சத்தியமா எனக்கே தெரில."

பொய் சொல்லியிருந்தால் பேபி இறங்கிப் போயிருப்பாள். இவள் தெரியவில்லை என்றது பேபிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஒண்ணு பண்ணு" என்றாள் ஹேமாவதி. "நீயும் என்ன நீன்னு கூப்டு. என் மூஞ்சி சுளிச்சுதுன்னா அது உங்கப்பாவக் கூப்புட்ட நீ. சுளிக்கலன்னா நம்ம நீ. பாத்துரலாம் இன்னைக்கி."

கேட்க சுலபமாக இருந்தது. பேபியின் நாக்குதான் எழும்பவில்லை. ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியை, அதுவும் வயதில் மூத்தவளை, அவள் நாக்கு ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. அவள் அம்மா நாக்கும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஹேமாவதியின் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, நீ ஹேண்ட் பிரேக்க எடு."

ஹேமாவதியின் முகம் சுளித்தது. கண நேரம்தான், புருவத்து ஓரத்தில் கொஞ்சம்தான். ஆனால் பேபி பார்த்தாள். பேபி பார்த்ததை ஹேமாவதியும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கையை ஹேண்ட் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு, எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள் ஹேமாவதி.

"நீ ஹேண்ட் பிரேக்க எடு."

"இன்னொரு தபா."